பெயரில்லா நோயாளிகளும் நீத்தார் கடனும்

படை மருத்துவர்கள் எழுதிவைத்த அறிக்கைகளும் அவர்கள் நடத்திய இதழ்களும் இன்று பெருமளவில் மின்வடிவம் பெற்றுவிட்டன. நோயின் வரலாற்றையும் போர்க்கைதிகளின் வரலாற்றையும் ஆராய்பவர்களுக்கு அவை முதன்மைச் சான்றுகள். மலாயாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களைப் பற்றி எழுத முற்படுபவரும் அந்தப் பக்கங்களைத் தவிர்க்க முடியாது. அங்கே அவர்கள் நோயாளிகளாக வருகிறார்கள், எண்களாக வருகிறார்கள்; பெயரோடு வருவது அரிது. இதிலிருந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது அறிவைப் பற்றியது: வேறொருவர் நலனுக்காக எழுதப்பட்ட பதிவிலிருந்து இவர்களைப் பற்றி எதை உண்மை என்று கொள்ளலாம்? இரண்டாவது அறத்தைப் பற்றியது: இசைவு கேட்கப்படாதவர்களின் துன்பத்திலிருந்து வந்த அறிவை எடுத்துக்கொள்பவர், இறந்துபோன அவர்களுக்கு எந்த வகையில் கடன்படுகிறார்? முதற்கேள்விக்குச் சைவ சித்தாந்தத்தின் அளவை இயலும், இரண்டாவதற்குத் தமிழரின் நீத்தார் கடன் மரபும் துணை நிற்கின்றன.

இதழ்களும் அவற்றின் நோக்கமும்

பிரிட்டிஷ் இராணுவ மருத்துவப் படையின் இதழ் 1903இல் தொடங்கியது. ‘ஜர்னல் ஆஃப் தி ராயல் ஆர்மி மெடிக்கல் கோர்’ என்ற பெயரில் நூறாண்டுக்கு மேல் வெளிவந்து, 2020 முதல் ‘பிஎம்ஜே மிலிட்டரி ஹெல்த்’ என்ற பெயரில் தொடர்கிறது. அதன் பழைய இதழ்களை முதல் ஆண்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். கல்கத்தாவில் 1866இல் தோன்றிய ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் இந்திய மருத்துவப் பணி அதிகாரிகள் நிறைய எழுதினார்கள். அந்தப் பணி அடிப்படையில் படைப்பணி. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், அதில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர். இந்தியன் மெடிக்கல் கெஜட் ‘பப்மெட் சென்ட்ரல்’ களஞ்சியத்தில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டிஷ் இந்தியாவின் மருத்துவ அறிக்கைகளை ஒரு தனித் தொகுப்பாகவே இணையத்தில் ஏற்றியிருக்கிறது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் கடற்படை மருத்துவர்களின் கையெழுத்து நாட்குறிப்புகளுக்கு விரிவான அட்டவணை தயாரித்துள்ளது.

இந்த எழுத்துகளின் நோக்கத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சிப்பாயைப் போருக்கும் பணிக்கும் தகுதியாக வைத்திருப்பதே படை மருத்துவத்தின் வேலை. ஆயிரம் பேரில் எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று கணக்கு வைத்தது அதற்காகத்தான். படைக்கு வெளியே இருந்த மக்கள் இந்தக் கணக்கில் இரண்டு வழிகளில் மட்டுமே நுழைந்தார்கள். நோயைச் சிப்பாய்க்குக் கொண்டுவரும் இடமாகச் சிலவேளை. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் கூட்டமாகச் சிலவேளை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாவில் இருந்த துருப்புகளின் எலிக்காய்ச்சல் பற்றி இராணுவ மருத்துவ இதழில் கட்டுரைகள் வந்தன. கெடாவின் சுங்கை பட்டாணியில் அப்போது கூர்க்காப் படையின் பயிற்சி முகாம் இருந்தது. முகாமுக்கு வெளியே அதே சேற்றிலும் அதே நீரோடையிலும் ரப்பர் மரம் சீவியவர்களுக்கும் காய்ச்சல் வந்தால், அதைக் கணக்கில் எடுப்பது அந்த இதழின் வேலையாக இருக்கவில்லை.

கெடாவிலிருந்து சயாமுக்கு

தாய்லாந்தின் நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானிய இராணுவம் 1942–43இல் ரயில்பாதை போட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர், பர்மியர் எல்லாரும் அடங்குவர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்கள். போர்க் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையம் தரும் மதிப்பீட்டின்படி இறந்த போர்க்கைதிகள் சுமார் 13,000. இறந்த பொதுமக்கள் 80,000 முதல் 1,00,000 வரை. முதல் எண்ணைச் சார்ந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியலும் கல்லறையும் உண்டு. இரண்டாவது எண்ணிலேயே 20,000 உயிர்கள் உறுதியில்லாமல் நிற்கின்றன.

இந்த வரலாற்றில் கெடாவுக்குத் தனி இடம் உண்டு. போருக்கு முன் மலாயாத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த ராபர்ட் ஹார்டி, தன்னார்வப் படையில் சேர்ந்து கைதியாகி, ரயில்பாதை முகாம்களில் மறைவாக ஒரு நாட்குறிப்பு எழுதினார். லண்டன் போர் அருங்காட்சியகம் 1983இல் அதை நூலாக்கியது. 1943 ஜூலையில் எழுதிய பகுதியில், வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட தமிழ், சீன, மலாய்த் தொழிலாளர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதை அவர் குறிக்கிறார். அலோர் ஸ்டாருக்குப் போகிறோம், இலேசான வேலை, நல்ல சாப்பாடு, நல்ல இருப்பிடம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதாம். ரயிலில் ஏறியதும் காவல் போடப்பட்டது. சயாமில் இறக்கி, ஆற்றோர முகாம்களுக்குக் கூட்டம் கூட்டமாக நடத்திச் சென்றார்கள். அங்கே மருத்துவ வசதி இல்லை, காலரா பரவியது, பிணங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. கெடாவின் தலைநகரமே ஆசை காட்டும் பெயராகப் பயன்பட்டது. பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன. அதே மாதத்தில் கெடா மாநிலம் ஜப்பானியர் கையிலிருந்து தாய்லாந்தின் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டது. ஆகவே சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் யார் போனார், யார் திரும்பினார் என்று தேடுபவர் பிரிட்டிஷ், ஜப்பானிய, தாய்லாந்து ஆட்சிகள் மூன்றின் தாள்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அளவைகள் வகுக்கும் வழி

எது அறிவு, அது எந்த வழியாக வருகிறது என்பதை இந்தியத் தத்துவ மரபுகள் அளவை என்ற தலைப்பில் ஆராய்ந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதி அளவை இயலோடுதான் தொடங்குகிறது. காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என்று ஆறும், அவற்றின் மேல் வேறு நான்கும் பிறர் சொல்வதாகக் காட்டி, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றினுள் அவர் அடக்குகிறார். இறையறிவுக்காக வகுக்கப்பட்ட இந்த முறை, பழைய மருத்துவப் பதிவைப் படிப்பவருக்கும் ஒழுங்கு கற்பிக்கிறது.

காண்டல் என்பது ஐயமும் திரிபும் நீங்கிய நேரடி அறிவு. முகாமில் மருத்துவர் தம் கண்ணால் கண்டது இந்த வகை. கனடா நாட்டு மருத்துவர் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் 1946இல் இராணுவ மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையைச் சான்றாகக் கொள்ளலாம். வெப்பமண்டலப் புண்ணுக்காக நூற்றுக்கு மேற்பட்ட கால்களை அகற்றிய அனுபவத்தை அது சொல்கிறது. மூங்கில் கீறிய சிறு காயம், சத்தில்லாத உடலில் சில நாட்களில் கெண்டைக்காலைத் தின்று எலும்பை வெளிக்காட்டியது. அழுகிய சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார்கள். வேறு வழியில்லாதபோது காலையே எடுத்தார்கள். இரத்தம் உறையாதிருக்க அதைக் கிளறி, நார்ப்பொருளை வடித்து எடுத்துவிட்டு, மற்றொருவருக்கு ஏற்றினார்கள். அறுத்த கையே எழுதிய விவரம் என்பதால் இதற்கு உயர்ந்த சான்று மதிப்பு உண்டு.

காண்டலுக்கும் எல்லை உண்டு. நுண்ணோக்கி இல்லாத முகாமில் காய்ச்சல் எல்லாவற்றையும் மலேரியா என்று எழுதியிருந்தால் அது ஐயக்காட்சி. மின்வடிவமாக்கும்போது திரிபு புதிதாகச் சேர்கிறது. மங்கிய அச்சை மென்பொருள் தவறாகப் படிக்கிறது. அட்டவணையில் 3 என்பது 8 ஆகிறது. பத்தி மாறி எண்கள் வேறு நோயின் கீழ் போய் விழுகின்றன. ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலும் காலத்துக்குக் காலம் வேறுபடுகிறது. கெடாவும் சுங்கை பட்டாணியும் அலோர் ஸ்டாரும் பழைய ஆங்கில ஏடுகளில் பல வடிவங்களில் வருகின்றன. இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவது பிழை. தேடல் முடிவை நம்பாமல் பக்கத்தின் படத்தையே திறந்து பார்ப்பது ஆய்வாளரின் முதல் ஒழுக்கம்.

கருதல் என்பது கண்டதிலிருந்து காணாததை ஏதுவின் துணையால் அறிவது. இதில் ஏது பழுதில்லாமல் இருக்க வேண்டும். போர்க்கைதிகளில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் இறந்தார் என்பதிலிருந்து தோட்டத் தமிழர்களிலும் ஐவருக்கு ஒருவர் இறந்தார் என்று கருதினால், ஏது பழுதாகிறது. கைதிகளுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள்; கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள்; தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், குழி தோண்டித்தான் மலம் கழிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. குடும்பத்தோடும் தனியாகவும் பிடித்துவரப்பட்ட தொழிலாளர்களுக்கு இந்த அமைப்பு எதுவும் இல்லை. கைதிகளுக்குள்ளும் எல்லா அணிகளும் ஒன்றல்ல. எல்லைப்புறத்துக்கு நடத்திச் செல்லப்பட்ட ‘எஃப்’ அணியின் 7,000 பேரில் சுமார் 3,100 பேர் இறந்தார்கள். தொழிலாளர் முகாம்களை ஒட்டி, அதே காலராவின் நடுவில் இருந்த அணி அது. தமிழர்களின் நிலையைக் கருதி அறிய வேண்டுமானால் எல்லாக் கைதிகளின் சராசரியை விட இந்த அணியே நெருங்கிய சான்று.

எண்ணைப் பற்றிய கருதலுக்குப் பகுதி எண்ணும் தேவை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பது தெரிந்தாலும், எத்தனை பேரில் என்பது தெரியாவிட்டால் இறப்பு விகிதம் கிடையாது. அந்தப் பகுதி எண் படை மருத்துவ இதழில் இல்லை, தோட்டத்தில்தான் இருந்தது. காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற பேரேட்டில் குறித்துவைத்த வருகைப் பதிவே அந்தக் கணக்கு. ஆகவே முகாமின் மருத்துவக் குறிப்பும் தோட்டத்தின் செக்ரோலும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் கருதல் உறுதிபெறும்.

உரை என்பது சித்தாந்தத்தில் முதன்மையாக இறைவன் அருளிய ஆகமத்தைக் குறிக்கும். உலக வழக்கில் நம்பத்தக்கவரின் சொல்லும் அறிவு தரும் வழிதான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவருக்குக் காண்டலாக இருந்தது வாசகருக்கு உரையாகத்தான் வந்து சேர்கிறது. மின்வடிவப் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதனாலேயே நோயாளியைப் பார்த்ததாகிவிடாது. உரையென்று ஏற்கும்போது சொன்னவர் யார், விஷயத்தை அறிந்தவரா, விருப்பு வெறுப்பு இல்லாதவரா, யாருக்காகச் சொன்னார் என்ற கேள்விகள் வந்துவிடுகின்றன. முகாம் மருத்துவர்கள் பொய் சொல்ல முகாந்திரம் இல்லை. ஆனால் அவர்கள் தங்கள் வீரர்களுக்காகவும் தங்கள் துறையினருக்காகவும் எழுதினார்கள். தமிழ்த் தொழிலாளர்களால் பொதுச் சுகாதாரத்தை ஒழுங்குபடுத்த முடியவில்லை என்று அவர்கள் எழுதும் இடங்களில், அது அவர்களின் இயல்பைச் சொல்வதா, அவர்களுக்கு மறுக்கப்பட்டதைச் சொல்வதா என்று பிரித்தறிய வேண்டும். கேள்விப்பட்டதை எழுதும் இடங்களும் உண்டு. அவற்றைக் கண்டதற்குச் சமமாக வைக்கக்கூடாது.

இந்த அளவையின்படி பார்த்தால், திரும்பி வந்தவர்களின் வாய்மொழியும் உரைதான். இன்னும் கூடுதலாக, அது துன்பத்தை அனுபவித்தவரின் உரை. மலேசியத் தமிழ் இலக்கியத்தில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இந்த வரலாற்றிலிருந்து பிறந்தவை. அச்சில் வந்தது என்பதால் மருத்துவரின் சொல் உயர்ந்தது, வாயில் வந்தது என்பதால் தோட்டத்துக் கிழவியின் சொல் தாழ்ந்தது என்று கொள்வதற்கு அளவை நூலில் இடமில்லை. இரண்டையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும். நாளும் அளவும் மருத்துவரிடம் உறுதியாக இருக்கும். யார் எந்த லயத்திலிருந்து போனார், யாருக்குப் பின் எந்த வீடு பூட்டப்பட்டது என்பது கிழவியிடம் உறுதியாக இருக்கும்.

இல்லாததை அறிதல்

அபாவம் என்பது இல்லாமையை அறிவது. மீமாம்சையின் பாட்டப் பிரிவும் அத்வைதமும் இதைத் தனி அளவையாகக் கொண்டன. சித்தியார் அதைத் தனியாக நிறுத்தவில்லை. எந்த மரபினர் சொன்னாலும் ஒரு நிபந்தனை உண்டு. இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் தெரியாமல் போவதே இல்லாமைக்குச் சான்று. வெளிச்சமுள்ள தரையில் குடம் தென்படவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டில் தென்படவில்லை என்றால் ஒன்றும் சொல்ல முடியாது.

படை மருத்துவ இதழ்களின் மௌனத்தை இந்த நிபந்தனையோடு படிக்க வேண்டும். படைவீரர்களுக்குள் ஒரு நோய் பதியப்படவில்லை என்றால் அந்த நோய் அவர்களிடம் பெரும்பாலும் இல்லை என்று கொள்ளலாம். அவர்களைப் பரிசோதிக்க ஆளும் படிவமும் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி அதே பக்கம் பேசாமலிருந்தால் அங்கே நோய் இல்லை என்று பொருளாகாது. வெளிச்சமே அங்கே விழவில்லை. 1943 ஜூனில் ‘கே’ அணி என்று 230 பேரும், ஆகஸ்டில் ‘எல்’ அணி என்று 115 பேரும் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து ஆசியத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்க்க அனுப்பப்பட்டார்கள். மருத்துவர்களும் உதவியாளர்களுமாக மொத்தம் 345 பேர். இரண்டு இலட்சம் பேர் சிதறிக் கிடந்த பாதைக்கு வந்த வெளிச்சம் இவ்வளவுதான். அதுவும் காலரா வெடித்த பிறகுதான் வந்தது. அவர்கள் போகாத முகாமைப் பற்றி மருத்துவக் குறிப்பு இல்லை என்பதிலிருந்து அங்கே எவரும் சாகவில்லை என்று முடிவு செய்வது அளவைப் பிழை மட்டுமன்று. இறந்தவரை இரண்டாவது முறை அழிப்பதும் ஆகும்.

விதியும் காரணமும்

சயாமுக்குப் போய் வராதவர்களைப் பற்றித் தோட்டங்களில் பேசும்போது விதி என்ற சொல் வருவது இயல்பு. துக்கத்தைத் தாங்க அது துணையாக இருந்திருக்கிறது. எனினும் ஆய்வின் விடையாக அதை ஏற்க முடியாது. சைவ சித்தாந்தம் வினைக் கொள்கையை உறுதியாகப் பேசுகிறது. ஆயினும் ஒருவன் அனுபவிக்கும் துன்பத்துக்கு அவன் வினை காரணம் என்பதனால், துன்பம் செய்தவனின் பழி தீர்ந்துவிடுவதாக அது சொல்வதில்லை. செய்தவனுக்கு அது புதுவினையாகச் சேர்கிறது. துன்புறுபவனுக்கு இரங்குவது அன்புநெறியின் கடமையாகவே நிற்கிறது.

மருத்துவப் பதிவு இந்த இடத்தில் பெரிய உதவி செய்கிறது. அது விதியைப் பேசாமல் காரணத்தைப் பேசுகிறது. பெரிபெரி நோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் இந்த நோயால் ஏராளமாக இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிதாக இருந்ததை மருத்துவர் பிராடன் கவனித்து 1907இல் நூலாக எழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை வேலை செய்த ஜாவாத் தொழிலாளர்களிடம் இரண்டு வகை அரிசியையும் கொடுத்து ஒப்பிட்டு, தீட்டிய அரிசியே காரணம் என்று காட்டினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ரயில்பாதை முகாம்களில் தீட்டிய அரிசியே உணவானபோது, பெரிபெரி எல்லாரையும் பிடித்தது. எதைச் சாப்பிட்டால் இந்த நோய் வராது என்பது அப்போது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. காலராவும் அப்படியே: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் தடுக்கலாம் என்பது தெரியும், விறகும் பாத்திரமும் ஓய்வும் தரப்படவில்லை. தடுக்கக்கூடிய சாவுகள் தடுக்கப்படவில்லை என்பதை நிறுவ இந்தப் பக்கங்களைப் போன்ற சான்று வேறில்லை. ஆகவே அவற்றைத் திறந்து காரணம் தேடுவது சமய உணர்வுக்கு எதிரானதன்று. உண்மையைக் கண்டு சொல்வது இறந்தவருக்குச் செய்யும் நீதி.

பயன்படுத்தும் உரிமை

இசைவின்றிப் பெறப்பட்ட அறிவைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. நாஜி மருத்துவர்களின் வழக்கு முடிந்தபோது 1947இல் எழுதப்பட்ட நியூரம்பர்க் நெறிகளின் முதல் விதியே, ஆய்வுக்கு உட்படுபவரின் மனமுவந்த ஒப்புதல் இன்றியமையாதது என்பதுதான். வியன்னாவில் எடுவர்ட் பெர்ன்கோப்ஃப் உருவாக்கிய உடற்கூற்றுப் படநூல் இன்னொரு சோதனை. அவருடைய நிறுவனத்துக்கு நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல்கள் வந்ததை வியன்னா பல்கலைக்கழகம் 1998இல் முடித்த விசாரணை வெளிப்படுத்தியது. அந்தப் படங்களை அறுவை மருத்துவர் பயன்படுத்தலாமா என்று கேட்கப்பட்டபோது, வதைமுகாமில் குழந்தையாக இருந்து பிழைத்த யூத ரப்பி ஜோசஃப் போலாக் யூத அறநூல் வழியாக விடை தந்தார். உயிரைக் காக்கப் பயன்படுத்தலாம். ஆனால் அவை எங்கிருந்து வந்தவை என்பது மறைக்கப்படாமல் சொல்லப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

சயாம் பாதையின் மருத்துவக் குறிப்புகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. எழுதியவர்களும் கைதிகளே, அவர்கள் துன்பத்தை உண்டாக்கவில்லை, தணிக்க முயன்றார்கள். ஆகவே எழுதிய கை கறைபடிந்தது என்ற தடை இல்லை. எனினும் நோயாளியின் இசைவு என்ற குறை நிற்கிறது. கால் அகற்றப்பட்ட நோயாளி, தன் உடல் அச்சேறி உலகம் படிக்கும் என்று அறிந்தவரல்ல. அவரிடம் இப்போது கேட்கவும் முடியாது. கேட்க முடியாதவரிடமிருந்து பெறுவது கடன் என்ற உறவை உண்டாக்குகிறது. பெற்றவர் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டிய வடிவங்களை மரபு சொல்லியிருக்கிறது.

பெயரும் மறைப்பும்

திருக்குறள் இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐந்தில் தென்புலத்தாரை முதலில் வைக்கிறது. தொல்காப்பியம் நடுகல் எடுப்பதற்குக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகள் வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் செங்கம், தருமபுரி பகுதிகளில் கிடைத்த நடுகற்களில் இறந்தவன் பெயரும், எந்த அரசனின் எந்த ஆண்டில், என்ன செய்து இறந்தான் என்பதும் வெட்டப்பட்டுள்ளன. பெயர், காலம், இடம், இறந்த விதம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்வதே தமிழர் நீத்தாரை நினைத்த முறை. கருமாதியிலும் திதியிலும் பெயர் சொல்லியே நீரும் பிண்டமும் கொடுக்கப்படுகின்றன. உடல் கிடைக்காதவருக்குப் புல்லால் உரு செய்து கடன் கழிக்கும் வழியும் உண்டு. தர்ப்பணத்தின் முடிவில், தாயோ தந்தையோ உறவோ நட்போ இல்லாதவர்களுக்கென்று தனியாக ஒரு முறை எள்ளும் நீரும் விடப்படுகின்றன. தமிழ் முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் பின்பற்றும் ஷாஃபி நெறியில் உடல் முன்னில்லாத ஜனாஸா தொழுகைக்கு இடமுண்டு. கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் நவம்பர் 2ஆம் நாள் இறந்தோர் அனைவருக்காகவும் வேண்டுகிறார்கள். சயாமில் மடிந்த தோட்டத்தவர்களுள் இம்மூன்று சமயத்தாரும் இருந்தார்கள். பெயர் தெரியாதவரையும் நினைக்கும் வழி மூன்று சமயத்திலும் இருக்கிறது.

மருத்துவப் பதிவில் மட்டும் பெயருக்கு இரண்டு முகங்கள் உண்டு. இறந்தார் என்ற பட்டியலில் பெயர் வருவது மதிப்பு. தொழுநோய், பால்வினை நோய், மனநோய் என்ற தலைப்பின் கீழ் பெயரோ முகப்படமோ வருவது, இன்றும் ஊரில் வாழும் பேரப்பிள்ளைகளுக்கு வேதனை தரக்கூடும். நூலகம் ஏற்றிவிட்டது, யாரும் பார்க்கலாம் என்ற சட்ட அனுமதி இந்தக் கேள்வியைத் தீர்ப்பதில்லை. இறப்பையும் உழைப்பையும் பிரயாணத்தையும் பற்றிய செய்தியில் பெயரை மீட்டுச் சொல்ல வேண்டும். உடலின் அந்தரங்கத்தைப் பற்றிய செய்தியில் பெயரை மறைத்து நோயை மட்டும் சொல்ல வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால் குடும்பத்தாரைக் கண்டு கேட்டபின் எழுத வேண்டும். புண்ணின் படத்தை அதிர்ச்சிக்காக மறுபதிப்புச் செய்வது எந்த நிலையிலும் தகாது.

கடனைச் செலுத்தும் முறை

காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகள் வரிசையாகத் துயில்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களுக்கு அத்தகைய வரிசை இல்லை. அந்நகரில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக 2023இல் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. கல் நாட்டியாயிற்று; கல்லில் எழுத வேண்டியதைத் தேடித்தரும் பொறுப்பு ஆய்வாளர்களுடையது. அந்தப் பொறுப்பு நான்கு வேலைகளாகப் பிரிகிறது. முதலாவது, கிடைத்த எண்ணைக் கூட்டாமலும் குறைக்காமலும், அதன் பகுதி எண் தெரியாதபோது தெரியாது என்றே எழுதுவது. இரண்டாவது, மருத்துவக் குறிப்பைத் தோட்டத்துச் செக்ரோலோடும் குடும்பத்தின் வாய்மொழியோடும் சேர்த்து வைத்துப் பெயர்களை மீட்பது. மூன்றாவது, ஆங்கிலப் பக்கங்களில் கண்டதைத் தமிழில் எழுதி, எந்தத் தோட்டத்தைப் பற்றியதோ அந்தத் தோட்டத்துச் சந்ததியிடம் சேர்ப்பது. நான்காவது, துன்பத்தின் காரணத்தை அறிந்தபின், இன்று அதே தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்களின் உடல்நலக் கணக்கில் அதே இருட்டு விழாமல் பார்த்துக்கொள்வது. முதல் மூன்றும் இறந்தவர்களுக்கான கடன். நான்காவது அவர்கள் பெயரால் உயிரோடிருப்பவர்களுக்குச் செய்யும் கடன்.

பீடோங்கில், பழைய ரப்பர்த் தோட்ட வட்டாரத்தில், எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவம் கற்பிக்கிறது. கெடாவில் மருத்துவம் படிக்கும் மாணவருக்கு இராணுவ மருத்துவ இதழின் 1946ஆம் ஆண்டுப் பக்கங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தாத்தா பாட்டியிடம் கேட்ட கதையைச் சுமக்கும் மூத்தவர்களும் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் லூனாசிலும் இன்னும் இருக்கிறார்கள். பக்கங்கள் காத்திருக்கும், மூத்தவர்கள் காத்திருக்க முடியாது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஆலய நிர்வாகங்களும் தோட்டத்துப் பெயர்ப்பட்டியல்களையும் குடும்ப நினைவுகளையும் இப்போதே சேகரிக்கத் தொடங்க வேண்டும்.